மொட்டை போட்ட மனோரஞ்சிதம்

...கொடியை வெட்டியதற்கா ஒரு மனுஷன் பெண்டாட்டியோடு இரண்டு நாளாகப் பேசாமல் இருப்பார்? அதுவும் மூலை வீட்டு ஆறுமுகம்! பல் விளக்கும்போதுகூட வாயை மூடாத ஆளாயிற்றே. அவள் வெட்டியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன் தேவி. அந்தப் பேஷன் புரூட் கொடி வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் துணிக்கம்பி வரைக்கும் போய்விட்டது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் கோபத்தோடு வெட்டினாள் பார், அங்கேதான் தப்பு. கோபமாக இருக்கிற கை எப்போதும் அடியில்தான் போகும். பாராங் கத்தியை எடுத்து ஒரே போடாகப் போட்டுவிட்டாள். இப்போது அவர் காய்ந்த கொடியைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், துக்க வீடு மாதிரி.

சரி, நீ உள்ளே வா. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏன் கேட்டிலேயே நிற்கிறார்கள்? வரச் சொல். மூன்று பேரும் ஒரே செடி நர்சரியில்தானே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள்? சட்டை நன்றாக இருக்கிறது. தொப்பி வேறு கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் போனபோது தலையில் ஒரு துண்டு, காலில் கிழிந்த சப்பாத்து, அவ்வளவுதான். உங்கள் இடத்தில் செடிக்குச் செடி பெயர் எழுதிக் குத்தி வைத்திருக்கிறார்களாமே. எனக்கு அந்த எழுத்தெல்லாம் புரியாது. என் பேரன் ஒருநாள் படித்துக் காட்டினான், நம் வீட்டுக் காகிதப் பூவுக்கு அவ்வளவு நீளமான பெயரா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நீ கேட்டாயே, இளங்கொடியை எங்கே வெட்டுவது, மழைக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று. எங்கே வெட்டுவது என்பதைக் கத்தரி பிடிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் காட்டித் தந்துவிடுவார்கள். எப்போது துணிவது என்பதுதான் பாடு. அதை நான் ஒரு மனோரஞ்சிதத்திடம் கற்றுக்கொண்டேன். என் நகத்திலிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்குப் புரியும்.

கோலசிலாங்கூர் பக்கம், ஆற்றை ஒட்டின தோட்டம் எங்களுடையது. எண்பத்து மூன்றோ நான்கோ இருக்கும். பால்மரத்தை, அதான் ரப்பர் மரத்தையெல்லாம், சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். நான் பால்மரம் வெட்டினவள், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரம் போன பிறகு என்னை மருந்தடிக்கப் போட்டார்கள். முதுகில் பம்பு, கையில் குழாய், கன்றுகளுக்கு நடுவே முளைக்கிற புல்லுக்கெல்லாம் மருந்து. பம்பு எப்போதும் கொஞ்சம் ஒழுகும், கையுறை எப்போதும் ஓட்டையாக இருக்கும். முதலில் நகம் வெளுத்தது. அப்புறம் வெடித்தது. அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். என் சின்ன மகன் அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரி சாப்பிடுறா வாங்க" என்று லயத்து வரிசை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆனால் விடிந்தால் பம்பைத் தூக்க வேண்டுமே என்று எழுந்திருக்கவே தோன்றாது.

ஒருநாள் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களா வேலி ஓரம் புல் வெட்ட எங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். துரைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். துரைசானி ஈப்போக்காரர், நம் ஆள்தான். வெயிலைப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஐஸ் போட்ட சிரப் தண்ணீர் கொண்டுவந்தார். கிளாஸை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் கிளாஸை விடவே இல்லை.

"நகத்துக்கு என்னாச்சு?"

"மருந்துத் தண்ணிம்மா. பழகிடும்."

"எது பழகிடும்? நகம் இல்லாம இருக்கிறதா?"

அடுத்த வாரம் காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என்னைத் தனியாக நிறுத்தினார். "லெட்சுமி, நீ பங்களாவுக்குப் போ. பூந்தோட்டம் பாக்கணுமாம்" என்றார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கெட்ட மனுஷன் இல்லை. மருந்தடிக்க ஆள் குறைந்தால் அவரைத்தான் மேலே கேட்பார்கள்.

பங்களாத் தோட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஒரே வாளியில் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் கேட்டில் இரும்பு வளைவு ஒன்று போட்டிருந்தார்கள். அதன் அடியில் துரைசானி தன் அம்மா வீட்டுப் பதியன் ஒன்றை நட்டிருந்தார். இடுப்பு உயரம் இருக்கும். கரும்பச்சை இலை, எண்ணெய் தடவினது போல் மினுமினுப்பு.

"லெட்சுமி, இது மனோரஞ்சிதம். பூத்துச்சுன்னா, எந்தப் பழத்தை நினைச்சு மோந்தாலும் அந்தப் பழத்தோட வாசம் வரும்."

"நாசி லெமாக் சோத்தை நினைச்சா?"

"பழம்னு சொன்னேன்!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தக் கொடியோடு அவர் பேசுவதைப் பார்க்க வேண்டுமே. காலையில் நைட்டியோடு வந்து நிற்பார். 'அம்மா வீட்டுத் தண்ணி மாதிரி இனிக்காதுதான், குடி' என்பார். எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு மாதம் போன பிறகு நானும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அவர் பிள்ளை உண்டாகியிருந்தார். ஏழாம் மாதம் வளையல் போட்டு, அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகக் கார் வந்தது. ஏறுவதற்கு முன்னால் கேட்டில் நின்று, அதற்குள் தலை உயரம் வளர்ந்துவிட்ட கொடியைத் தொட்டுப் பார்த்தார். மழைக்காலம் தொடங்குகிற நேரம். "நான் பிள்ளையோட வருவேன் லெட்சுமி. நீ கொடியோட நில்லு, என்ன?" என்றார். கார் ரோட்டு முனை திரும்பியதும், பின்னால் நின்ற மண்டோர் தொண்டையைச் செருமினார்.

"கேட்டுச்சா? கொடியோட நிக்கணும். கொடி போச்சுன்னா பம்போட நிக்கணும். எனக்கு ஆள் பத்தல லா."

அப்படித்தான் என் கைகள் இரண்டும் அந்த ஒற்றைச் செடியில் கட்டுப்பட்டன.

மழை வந்தது. இப்போதெல்லாம் பெய்வது மழையா? அப்போது பிடித்தால் விடாது. ஆற்றுப் பக்கமிருந்து காலையில் பனி எழும்பி வரும், செம்பனைக் கன்றுகளின் தலை மட்டும் தெரியும். பங்களாக் கூரை ஒரு மாதிரிச் சத்தம் போடும், வாழை இலை ஒரு மாதிரி, தகர ஷெட் ஒரு மாதிரி. கேட்டுக்கொண்டே நின்றால் நிற்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. அந்த மண்ணோ களிமண். தண்ணீர் இறங்காது. கொடியின் காலடியில் குளம் கட்டி நின்றது. இலையெல்லாம் தொங்கிப் போய், குளிரில் நடுங்குவது போல எனக்குத் தோன்றியது.

லயத்தில் என் அடுத்த வீடு முனியம்மா. பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டுவது, வயிறு கட்டுவது, பத்தியம் வைப்பது எல்லாம் அவள்தான். வெற்றிலையை மென்றுகொண்டே கொடியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது பச்சை உடம்புக்காரி மாதிரி. குளிர் படவே கூடாது. சுத்திக் கட்டு. சாம்பிராணி காட்டு. பாரு, துள்ளிக்கிட்டு எந்திரிக்கும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள். காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, கதவைச் சாத்தி வைத்துத்தானே என்னைத் தேற்றினார்கள்? பங்களா ஸ்டோரிலிருந்து கோணிச் சாக்கு எடுத்துவந்து, கொடியை அடியிலிருந்து தோள் வரைக்கும் சுற்றிக் கட்டினோம். தினமும் பொழுது சாயும்போது பால் டின்னில் தேங்காய் மட்டைத் தணல் போட்டு, குடை பிடித்துக்கொண்டு சாம்பிராணிப் புகை காட்டினேன். பங்களா சமையல்காரர் ஜன்னலில் நின்று, "தொட்டில் எப்போ கட்டுறது?" என்று கேட்பார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவு போலத்தான் இருக்கிறது. புகை மேலே போகாது, மழைக்குப் பயந்துகொண்டு புல் மேலேயே படுத்துக்கொள்ளும். அது எங்கே முடிகிறது, ஆற்றுப் பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சாக்குக் கட்டின கொடி, முக்காடு போட்டுக்கொண்டு யாரையோ எதிர்பார்த்துக் கேட்டில் நிற்கிற பெண் போல இருக்கும். ஒருமுறை அது என் கனவில் வந்து, வாசலில் நின்று சுடுசோறு கேட்டது. நானும் எழுந்து போய்ப் பானையைத் திறக்கிறேன், உள்ளே முழுக்க இலை.

பொங்கல் வந்தது, வானம் வெளுத்தது. சந்தோஷமாகச் சாக்கை அவிழ்க்கப் போனேன். முடிச்சைத் தொட்டதுமே ஒரு புளித்த வாடை. உள்ளே தண்டு கறுத்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. காற்றே இல்லை, இலை ஒவ்வொன்றாகத் தானாக விழுந்தது. உச்சியில், வளைவைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் இலை மட்டும் பச்சையாக நின்றது.

பிள்ளைகளா, இதை மட்டும் மறக்காதீர்கள். குளிரான ஊரில் கொடிக்குப் போர்த்துவார்களாம், டிவியில் பார்த்தேன். நம் ஊரில் கொடிக்கு ஏது குளிர்? ஈரம்தான் அதைத் தின்னும். நான் செய்திருக்க வேண்டியது, மண்ணை அணைத்து மேடு கட்டி, தண்ணீர் ஓடச் சின்ன லோங்காங் வாய்க்கால் ஒன்று வெட்டிவிட்டு, உடம்பில் காற்றுப் பட விடுவது. அவ்வளவுதான். பாசம் அதிகமாகிக் கழுத்தை நெரித்தோம். அன்பாகச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

முனியம்மா வந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உடனே அவளுக்கு ஒரு யோசனை.

"மேல நாலு இலை பச்சையா இருக்குல்ல? அப்படியே விடு. துரைசானி கார்ல வரும்போது அதுதான் கண்ணுல படும். சந்தோசப்படட்டும். அப்புறம் செத்துச்சுன்னா, கண்ணு பட்டுருச்சுன்னு சொல்லிக்கலாம். யாரு உன்னைக் கேப்பா?"

சொல்லப்போனால் நல்ல யோசனைதான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் லயத்தில் பாதிச் சாவுக்குக் கண்ணைத்தான் காரணம் சொல்வார்கள்.

எனக்குப் பால்மரம் வெட்டப் பழக்கினது ஒரு அக்கா. எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டதால் அவர் பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. முதல் நாள் அவர் கத்தியை என்னிடம் கொடுக்கவில்லை. மரத்தின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, "பச்சை தெரியுதா? இங்கதான் அது உசுரோட இருக்கு. கத்தி இதுக்கு மேலதான் ஓடணும்" என்றார். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. என் நகம் அந்த மழைக்காலத்தில்தான் திரும்ப முளைத்திருந்தது, மெல்லிசாக, குழந்தை நகம் மாதிரி. அதால் கொடியின் தண்டைச் சுரண்டிப் பார்த்தேன். நடுத் தண்டில் பழுப்பு. கீழே பச்சை. மறுநாள் சுரண்டினால், நேற்றுப் பச்சையாக இருந்த இடம் பழுப்பு. இன்னொரு நாள் போனால் பழுப்பு இன்னும் கீழே. அழுகல் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் இருந்த இலை, உடம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருந்தது.

வெட்டினால் அடியில் வெட்ட வேண்டும். வெட்டினால் வளைவு மொட்டையாக நிற்கும், நான் கொன்றேன் என்று ஆகும். விட்டால், துரைசானி வருகிற அன்றைக்குப் பச்சை தெரியும், அதற்கு அடுத்த மாதம் வேரோடு போய்விடும். எனக்குப் பம்பு ஒரு மாதம் தள்ளிப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். துரைசானி வர ஒரு வாரம்தான் இருந்தது.

நான் இரண்டு நாள் கத்தரியை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், கண் அங்கே போகிறது. சாப்பிட உட்காருகிறேன், கண் அங்கே போகிறது. மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கத்தரியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்திருந்தேன். முதலில் இடுப்பு உயரத்தில் வெட்டினேன். வெட்டுவாயில் நடுவே பழுப்பு வட்டம். கொஞ்சம் கீழே வெட்டினேன். வட்டம் சின்னதாயிற்று, ஆனால் இருந்தது. முழங்கால் உயரம். இன்னும் ஒரு புள்ளி. இன்னும் கீழே போனால் தரைதான். கத்தரியைத் துடைத்து மறுபடி பிடித்தேன் தேவி. முனியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "போதும்டி, போதும்டி" என்கிறாள். அந்தப் புள்ளியை விட்டால் அதுவே மறுபடி இறங்கும். கண்ணை மூடிக்கொள்ளாமல், திறந்து வைத்துக்கொண்டே வெட்டினேன். வெள்ளை. சுற்றிலும் பச்சைக் கோடு. நல்ல ஈரமான வாசம். தரைக்கு மேலே ஒரு சாண்தான் மிச்சம்.

முனியம்மா தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை நீட்டினாள். வெட்டுவாயில் தடவினேன். மண்ணைக் கிளறி மேடு கட்டினேன். வெட்டிப் போட்டதில் அந்த உச்சி இலைகள் இன்னும் பச்சையாகவே கிடந்தன. அவற்றைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வளைவைப் பார்த்தார். வளைவுக்கு மேலே வானத்தைப் பார்த்தார்.

"கொடி எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"கீழ பாருங்க."

குனிந்து பார்த்தார். "இதுவா? இதுக்குப் பேரு கொடியா? செத்துப் போச்சு லெட்சுமி. திங்கக்கெழமை பெரட்டுக்கு வந்து பம்பை எடு."

ஆனால் துரைசானி ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். மண்டோரும் முனியம்மாவும்கூடப் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். கார் கேட்டிலேயே நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முப்பதாம் நாள் மொட்டை போட்டு, தலையில் பூனை முடி எட்டிப் பார்க்கிற பிள்ளை. மொட்டை வளைவு, மொட்டைக் கொடி, மொட்டைப் பிள்ளை. முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். துரைசானியின் கண் நிறைந்துவிட்டது.

"என்ன லெட்சுமி இது?"

ஆயிரம் பொய் தயாராக இருந்தது. மாடு மேய்ந்தது என்றிருக்கலாம். "சாக்குச் சுத்தி வச்சேம்மா, அழுகிருச்சு. அழுகல் கீழ இறங்கிக்கிட்டே இருந்துச்சு, அதான் வெட்டிட்டேன். உள்ள உசுரு இருக்கு. நகத்தால சுரண்டிப் பாருங்க" என்றேன். அவர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். சுரண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"பச்சையாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. எழுந்து மண்டோரிடம், "துளிர் வரட்டும். அதுவரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும். வந்த பிறகு பேசிக்கலாம்" என்றார்.

இங்கேதான் கூத்து. செத்துப் போச்சு என்று சொன்ன மண்டோர், மறுநாளிலிருந்து தினமும் காலையில் வந்து அந்த ஒரு சாண் கட்டையின் முன்னால் நிற்கிறார். "வந்துச்சா?" துளிர் வந்தால்தானே என்னைப் பம்புக்கு இழுக்கலாம்! சீக்கிரம் வர வேண்டும் என்று மாரியம்மனுக்கே வேண்டிக்கொண்டிருப்பார். உசுரு இருக்கு என்று சொன்ன நானோ, ஒவ்வொரு காலையும் பயந்து பயந்து பார்க்கிறேன். வர வேண்டும் என்று ஒரு மனசு. இன்று வேண்டாம், நாளைக்கு வரட்டும் என்று இன்னொரு மனசு. கொடியோ இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் தூங்கியது. வெயில் நன்றாக அடிக்கிறது, தும்பி பறக்கிறது, அது பாட்டுக்குத் தூங்குகிறது. நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதித் தூக்கமாகிவிட்டேன். தண்ணீர்கூட அளந்துதான் ஊற்றினேன். இலை இல்லாத கொடிக்குத் தாகம் குறைவு. எழுப்புகிறேன் என்று வாளி வாளியாக ஊற்றிவிடாதீர்கள்.

ஒருநாள் பட்டையில் ஒரு புடைப்பு. குழந்தைக்குப் பல் வருகிற மாதிரி. அப்புறம் அது நீண்டது. ஒரே துளிர், செம்பு நிறம், வாத்தியார் பிரம்பு மாதிரி நேராக மேலே. மண்டோருக்கு ஒரே கொண்டாட்டம். "வந்துருச்சு! திங்கக்கெழமை!"

ஆனால் நான் பார்த்தேன், அது போகிற போக்கு சரியில்லை. ஒற்றையாக, ஒல்லியாக, கணுவுக்குக் கணு அவ்வளவு இடைவெளி விட்டு ஓடுகிறது. அப்படியே விட்டால் கயிறு மாதிரி வளைவின் உச்சிக்குப் போய்விடும், கீழே ஒன்றும் இருக்காது. பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம்தான், என்ன வேகம் என்பார்கள். நுனியைக் கிள்ளினால்தான் அடியிலிருந்து கிளை வரும். ஆனால் நான் கிள்ளினால் ஊர் என்ன சொல்லும்? வேலையை இழுக்கத் துளிரைக் கிள்ளினாள் என்று சொல்லும். துளிர் வரும் வரைக்கும் என்றுதானே எனக்குத் தவணை?

யாரும் இல்லாத நேரத்தில் கிள்ளிவிட்டு, வெட்டுக்கிளி தின்றுவிட்டது என்றிருக்கலாம். முனியம்மா அதைத்தான் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. மறைத்துக் கிள்ளினால் அது திருட்டுதான், கொடிக்கு நல்லதாகவே இருந்தாலும். அடுத்த நாள் மண்டோர் வந்து "வந்துச்சா" என்று குனிகிறார், நான் அவர் முன்னாலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து நுனியைக் கிள்ளினேன்.

மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி! என் கண்ணு முன்னாலயா? என்ன தைரியம் லா உனக்கு? வா, வா துரைசானிகிட்ட!"

துரைசானி பின்கட்டில் பிள்ளைக்குக் கால் நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மண்டோர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பம்புக்குப் பயந்து துளிரைக் கிள்ளிவிட்டேன், துளிரே வராமல் பார்த்துக்கொள்வேன், ஆயுசுக்கும் இந்தப் பங்களாவில் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று. நான் கையைத் திறந்தேன். உள்ளங்கையில் அந்த நுனி, அரிசி அளவு, அதற்குள்ளேயே வாடிப்போய்.

"பம்புக்குப் பயமா லெட்சுமி?" என்று கேட்டார்.

"பயம்தாம்மா. ரொம்பப் பயம்."

"அதுக்காகக் கிள்ளினியா?"

"இல்லம்மா. ஒத்தையா ஓடுது. கீழ மொட்டையா நின்னுரும். உங்க வளைவு நிறையாது. பம்புக்குப் போறதா இருந்தாலும் கிள்ளிட்டுத்தான் போயிருப்பேன்."

மண்டோர் "ஹூம்" என்றார். பிள்ளை காலை உதறிச் சிரித்தது. துரைசானி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் நகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த நுனியைப் பார்த்தார்.

"இனிமே எப்ப வரும்?"

"தெரியாதும்மா. ஆனா வரும்போது ரெண்டா வரும்."

"ஒண்ணு வந்தா இவளைப் பேசி அனுப்பலாம்னு சொன்னேன் இல்ல மண்டோர்?" என்றார் துரைசானி. "இப்ப ரெண்டு வருதாம். ஒண்ணு வலது பக்கம் போகும், ஒண்ணு இடது பக்கம் போகும். அது ரெண்டையும் ஏத்திக் கட்ட எனக்கு ஆள் வேணுமே."

"அப்ப பம்புக்கு?"

"அதை நான் துரைகிட்ட பேசிக்கிறேன். கையுறை ஓட்டையையும் சேர்த்து."

மண்டோர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம், "ரெண்டு வரலைன்னா பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று முனியம்மா சொல்வாள், நான் கவனிக்கவில்லை. என் கண் உள்ளங்கையில் இருந்த நுனியில்தான் இருந்தது.

வந்தது, இரண்டாகவே வந்தது. பம்பை அதற்குப் பிறகு நான் தோளில் மாட்டவே இல்லை. புதுக் கையுறை வந்தது. நான் இறக்கி வைத்த பம்பை இன்னொருத்தி தூக்கினாள், அதையும் சேர்த்துத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு துளிரும்! வலது பக்கத்துக்காரி வேகக்காரி, வளைவை அவள்தான் முதலில் தொட்டாள். இடது பக்கத்துக்காரி சோம்பேறி. கட்டினால் அவிழ்த்துக்கொண்டு வெளியே போவாள். அவளை இறுக்கிக் கட்டக் கூடாது, வாழை நாரால் எட்டு மாதிரி ஒரு சுற்று விட்டு, இடையில் விரல் போகிற மாதிரி, இப்படிப் பிடித்து...

இரு, இரு. குழாயில் சத்தம் கேட்கிறதா? தண்ணீர் வந்துவிட்டது! காலையிலிருந்து ஒரு சொட்டு இல்லை, இப்போது விட்டிருக்கிறான், எப்போது நிறுத்துவானோ. தேவி, ஓடு, உன் வீட்டிலும் திறந்து விடு. பிள்ளைகளா, அந்தத் தண்ணீர்த் தோம்பை இப்படி உருட்டுங்கள், மூடி எங்கே, அந்த வாளியை முதலில் வை...